அடிபட்டவள் ஏன் வீட்டை விட்டு ஓடவேண்டும்?

(ஆனையிறவில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)

ஆனையிறவிலிருந்தும் உமையாள்புரம், பரந்தன், இயக்கச்சி ஆகிய ஊர்களிலிருந்தும் வந்து கூடியிருக்கும் பெரியோர்களே! உப்பளத்து வேலை முடித்து, காலிலே உப்புப் பூத்தபடியே வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! உழவர் பெருமக்களே!

இன்று நாம் பேசப்போகும் பொருளை அறிவித்தவுடனேயே எமக்கு வேண்டிய பெரியவர்கள் சிலர் எம்மைத் தனியே அழைத்து, “தம்பி, இது அரசியல் மேடை. புருசன் பெண்சாதி விவகாரத்தை இங்கே ஏன் இழுக்கிறீர்?” என்று கேட்டார்கள். அவர்கள் நல்லெண்ணத்தோடுதான் கேட்டார்கள். ஆனாலும் அந்தக் கேள்விக்கு முதலிலே விடை சொல்லிவிட்டே மேலே செல்ல விரும்புகிறோம்.

ஆனையிறவு என்ற பெயரைச் சொன்னால் உலகம் முழுவதுமுள்ள தமிழர்களுக்கு நினைவுக்கு வருவது போர். 1991, 2000, 2009 ஆகிய ஆண்டுகளில் இந்தக் குறுகிய நிலத்தில் எத்தனை உயிர் மாண்டது என்பதை இங்கேயிருப்பவர்களுக்கு நாம் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. ஆயுதம் தாங்கியவன் ஒருவன் நிராயுதபாணியை அடித்தால் அது அநீதி என்று மேடைதோறும் முழங்கினோம், மனு எழுதினோம், வழக்காடினோம். அதே வேளையில், வேலிக்கு அப்பால் ஒரு பெண்ணின் அலறல் கேட்டபோது வானொலியின் சத்தத்தைக் கூட்டிவைத்தோம். வெளியிலே நடந்ததற்கு வன்முறை என்று பெயரிட்ட நாம், உள்ளே நடந்ததைக் குடும்ப விடயம் என்று சொல்லி ஒதுக்கினோம். அந்த ஒதுக்கலும் அரசியல்தான்.

இது எங்கோ ஒரு வீட்டில் நடக்கும் காரியமன்று. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2019ஆம் ஆண்டில் நாடளாவிய முறையில் பெண்களிடம் நடத்திய ஆய்வில், மணவாழ்வோ அதனையொத்த உறவோ கண்ட பெண்களில் ஐந்தில் ஒருவர் தம் துணைவனின் கையால் உடல் வன்முறையையோ பாலியல் வன்முறையையோ வாழ்நாளில் அனுபவித்திருந்தமை வெளிப்பட்டது. இந்தக் கூட்டத்தில் இடப்பக்கம் அமர்ந்திருக்கும் தாய்மாரை எண்ணிப் பாருங்கள். யாரென்று தேடவேண்டாம், எண்ணினாலே போதும்.

இனி, எமது குற்றத்தைச் சொல்கிறோம். அதைச் சொல்லாமல் மற்றவர்களுக்குப் புத்தி சொல்ல எமக்கு உரிமையில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய், மகளை அழைத்துக்கொண்டு எமது அலுவலகத்துக்கு வந்தார். மகளுக்கு முப்பது வயதிருக்கும். இடது காதிலே பஞ்சு. கிணற்றுக்கட்டில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னார். கிணற்றுக்கட்டில் விழுந்தவருக்குக் காது மட்டும் எப்படிக் கிழியும் என்று நாம் கேட்டோம். மகள் பேசவில்லை, தாய் அழுதார். “தம்பி, பிள்ளையை இனி அந்த வீட்டுக்கு அனுப்பேலாது. ஆனால் அவளின்ரை அண்ணன்மார் குடும்பமானம் போய்விடும் என்கினம். நீங்கள் ஒரு வழி சொல்லுங்கோ” என்றார். அதற்கு முன்னரே ஒரு பொலிஸ் நிலையத்துக்குச் சென்றிருந்தார்கள். அங்கே கணவனை அழைத்து, இரண்டு அதட்டல் போட்டு, இருவரிடமும் கையொப்பம் வாங்கி, ஒன்றாய் வாழுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

சட்டம் படித்த நாம் என்ன செய்தோம்? நாமும் அதையேதான் செய்தோம். கணவனை அழைத்தோம். நன்றாகப் பேசினான், எம் காலைத் தொட்டுக் கண்ணீர் விட்டான். பிள்ளைகளின் படிப்பைச் சொன்னான். நாம் மனம் இளகி, சமரசம் செய்துவைத்து, தேநீரும் கொடுத்து அனுப்பினோம். ஒரு நல்ல காரியம் செய்தோம் என்ற நிறைவோடு அன்றிரவு உறங்கினோம். நாற்பது நாள் செல்லவில்லை. அப்பெண்ணின் கை முறிந்தது. சட்டத்தரணியிடம் சென்று தன்னை அவமானப்படுத்தினாள் என்பதே அன்று அவன் சொன்ன காரணம். எமது சமரசமே அடிக்கு முகாந்தரமாயிற்று.

அந்தக் கை எமது நினைவை விட்டு அகலவில்லை. இன்றைய உரை முழுவதும் அந்தக் கைக்கு நாம் செலுத்தும் கடன் என்றே கொள்ளுங்கள்.

எங்கே தவறினோம்? அதை இரண்டு சமவலுவுடையவர்களின் சண்டை என்று எண்ணினோம். சண்டை என்றால் இரு தரப்பும் அஞ்சாமல் பேசவேண்டும். அங்கே ஒருத்தி அஞ்சினாள், மற்றவன் அஞ்சவில்லை. அவன் அறைக்குள் வந்தவுடன் அவள் கதிரையின் நுனிக்கு நகர்ந்தாள். எதைக் கேட்டாலும் விடை சொல்லுமுன் அவன் முகத்தைப் பார்த்தாள். நாம் அதைக் கண்டோம், ஆனால் பொருள் விளங்கிக்கொள்ளவில்லை. எல்லா வீட்டிலும் வாக்குவாதம் வரும், கோபமும் வரும். ஒருவர் மற்றவருக்கு அஞ்சி, என்ன பேசலாம், யாரோடு சிரிக்கலாம், எத்தனை மணிக்கு வீடு திரும்பலாம் என்று கணக்குப் பார்த்தபடியே வாழ்ந்தால் அங்கே வன்முறை குடியிருக்கிறது. கை ஓங்கப்பட்டதா இல்லையா என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி.

அது பெரும்பாலும் அடியோடு தொடங்குவதில்லை. தாய்வீட்டுக்குப் போகாதே என்பான். உப்பளத்துச் சம்பளத்தை வாங்கி வைத்துக்கொண்டு, பஸ்சுக்குக் காசு கேட்டாலும் கணக்குக் கேட்பான். தொலைபேசியைப் பறித்து யார் பேசினார்கள் என்று பார்ப்பான். பிள்ளைகளுக்கு முன்னால் இழிவாகப் பேசுவான். வேலைத்தலம் வரை பின்தொடர்ந்து வந்து மதிலோரம் நிற்பான். இதையெல்லாம் அன்பு என்றும் அக்கறை என்றும் அவனும் சொல்வான். சில வேளை அவளும் நம்புவாள். பிறகு அடி வரும். அடித்த மறுநாள் சேலை வாங்கி வருவான். அந்தச் சேலையைக் கண்டு எத்தனையோ பெண்கள் இன்னொரு ஆண்டு பொறுத்திருக்கிறார்கள்.

உழவர் பெருமக்களுக்கு ஒன்று சொல்வோம். அயல்வீட்டுப் பெண் வெயில் நாளிலும் நீளக் கையுள்ள சட்டை அணிகிறாள், மாதர் சங்கக் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள், பிள்ளை பாடசாலையில் திடீரென்று பேசாமலாகிவிட்டது என்று கண்டால் அவற்றைக் கவனியுங்கள். எல்லாவற்றிலும் அபாயமான அடையாளம் ஒன்றுண்டு. அது கழுத்தை நெரித்தல். வெளியே காயம் தெரியாமலிருக்கலாம். குரல் கம்மும், விழுங்க நோகும். ஒரு முறை கழுத்திலே கை வைத்தவன் கொலை செய்யும் வரை போகக்கூடியவன் என்பதைப் பல நாடுகளில் இத்தகைய கொலைகளை ஆராய்ந்தவர்கள் உறுதிப்படுத்தியிருக்கிறார்கள். மண்ணெண்ணெய்ப் போத்தலையோ கத்தியையோ காட்டி மிரட்டுவதும், நீ போனால் உன்னையும் பிள்ளைகளையும் கொன்று நானும் சாவேன் என்பதும் வெறும் வாய்ப்பேச்சல்ல. அத்தகைய வீட்டில் சமரசம் பேச எவரும் போகவேண்டாம்; நாமும் போகமாட்டோம்.

கசிப்பு அவனைக் கெடுத்தது என்பார்கள். போர் அவன் மனத்தை உடைத்தது என்பார்கள். வன்னியிலே போரால் உடைந்த மனங்கள் எத்தனை என்பதை நாம் அறிவோம். அவற்றுக்கு மருந்தும் ஆறுதலும் வேண்டும். ஆயினும் கேட்கிறோம்: வெறியிலே இருந்தவன் வழியிலே பொலிஸ்காரனை அடித்தானா? கடன் கொடுத்தவனை அடித்தானா? அவர்களைக் கடந்து வந்து, படலையைச் சாத்திவிட்டு, அவளையே அடித்தான். கையை எங்கே அடக்கவேண்டும் என்று அவனுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. போரிலே அவளும்தானே பதுங்குகுழியில் கிடந்தாள்?

சட்டத்துக்கு வருவோம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இந்நாட்டிலே நடைமுறைக்கு வந்து இருபது ஆண்டுகளாகின்றன. அயல்நாடான இந்தியாவும் அதே 2005ஆம் ஆண்டிலேயே இத்தகைய சட்டமொன்றை நிறைவேற்றியது. எமது சட்டத்தை ஊரிலே அறிந்தவர் குறைவு; அறிந்தும் பயன்படுத்தத் துணிந்தவர் அதிலும் குறைவு. அடி மட்டுமே வன்முறை என்று இச்சட்டம் சொல்லவில்லை. மிரட்டலையும், பணம் பறித்தலையும், தொடர்ந்து இழிவுபடுத்திக் கொடுமை செய்யும் பாரதூரமான நடத்தையையும் அது வன்முறைக்குள் அடக்குகிறது.

யாருக்கு எதிராக முறையிடலாம்? கணவன் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். முன்னாள் கணவன், தந்தை, மகன், சகோதரன் முதலிய உறவினர் பலரும் இதில் அடங்குவர். காணியை எழுதித்தா என்று வயதான தாயை அடிக்கும் மகனும் அடங்குவான். அத்தகைய மகன்மார் இந்த மாவட்டத்தில் இல்லை என்று யாரும் சொல்லமாட்டீர்கள். மேலும், திருமணப் பதிவு இல்லாமல் சேர்ந்து வாழ்பவருக்கும் இச்சட்டம் பாதுகாப்பளிக்கிறது. இது வன்னிக்கு மிக முக்கியமானது. போர்க்காலத்தில் அவசர அவசரமாகத் தாலி கட்டியவர்கள் பலர். பதிவு செய்ய வழியின்றி விட்டவர்களும், செய்த பதிவை இடப்பெயர்வில் தொலைத்தவர்களும் பலர். “உனக்குப் பதிவு இல்லை, உனக்கு எந்த நீதிமன்றமும் இல்லை” என்று அவர்களை மிரட்டுகிறார்கள். அது பொய்.

பாதிக்கப்பட்டவர் தாமே நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரி விண்ணப்பிக்கலாம். அவர் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். தாம் வாழும் இடத்திலோ, அவன் வாழும் இடத்திலோ, சம்பவம் நடந்த இடத்திலோ உள்ள நீதிமன்றத்தை நாடலாம். தாய்வீட்டுக்கு வவுனியாவுக்கு ஓடிவந்தவர் கிளிநொச்சிக்குத் திரும்பி வரவேண்டிய கட்டாயமில்லை. அவசரம் கண்டால் நீதவான் இடைக்காலக் கட்டளையைத் தாமதமின்றி வழங்கலாம். விசாரணைக்கான நாள் விண்ணப்பித்த பதினான்கு நாட்களுக்குள் குறிக்கப்படவேண்டும். இறுதிக் கட்டளை பன்னிரண்டு மாதங்கள் வரை நிலைக்கலாம். அதை மீறுபவனுக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது பதினாயிரம் ரூபா வரை தண்டம், அல்லது இரண்டும். பதினாயிரம் ரூபா இன்றைய விலைவாசியில் ஒரு தண்டமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சிறை என்ற சொல்லுக்குத்தான் அஞ்சுகிறார்கள்.

இச்சட்டத்தின் உயிர் எதில் இருக்கிறது என்று கேட்டால், நாம் அதன் 11ஆம் பிரிவைக் காட்டுவோம். அடித்தவன் அந்த வீட்டில் குடியிருக்கக்கூடாது, அதற்குள் நுழையக்கூடாது என்று நீதவான் கட்டளையிடலாம். அவளுடைய வேலைத்தலத்துக்கும் வரக்கூடாது, பின்தொடரக்கூடாது, தொடர்பு கொள்ளக்கூடாது, அவளுக்கு உதவியவர்களுக்கும் தீங்கு செய்யக்கூடாது என்றும் கட்டளையிடலாம். அவளை நிர்க்கதியாக்கும் வகையில் குடியிருக்கும் வீட்டை விற்கவோ ஈடு வைக்கவோ கூடாது என்றும் தடுக்கலாம். இத்தனை காலமும் நமது ஊர்வழக்கம் என்ன? அடிபட்டவள் பிள்ளைகளைக் கையிற் பிடித்துக்கொண்டு இரவோடு இரவாக ஓடுவாள். அடித்தவன் அவள் சமைத்து வைத்த சோற்றைத் தின்றுவிட்டு அவளுடைய பாயிலே படுப்பான். சட்டம் இந்த வரிசையை மாற்றியிருக்கிறது. ஊர் இன்னும் மாற்றவில்லை.

அதிலும் யாழ்ப்பாணத்தவருக்கும் வன்னியாருக்கும் இது இரட்டை வெட்கம். எமது வழமையிலே வீடு பெண்ணுக்குச் சீதனமாக எழுதப்படுகிறது. தேசவழமைப்படி அது அவளுடைய சொத்து. அவளுடைய உறுதியின் கீழ் நிற்கும் வீட்டிலிருந்தே அவள் ஓடுகிறாள்! சட்டத்தரணிகள் வேறொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டப்படி, மணமான பெண் தன் சொந்த அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட இந்த விலங்கை இன்றும் சிலர் சாட்டையாகப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் கணவன் கைவிட்டுப் போனாலும், நியாயமின்றிச் சம்மதம் மறுத்தாலும் மாவட்ட நீதிமன்றம் அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக அனுமதி வழங்க அதே சட்டம் இடம் தருகிறது. மறுபக்கத்தில், அவள் கையொப்பமின்றி அவளுடைய சீதனக் காணியை அவன் விற்கமுடியாது. அந்தக் கையொப்பத்துக்காகவே அடிப்பவர்களும் உண்டு. அடிக்கு அஞ்சி நொத்தாரிசு முன் போகும் பெண்ணுக்கு நாம் சொல்வது, நொத்தாரிசிடம் தனியே ஒரு நிமிடம் கேளுங்கள் என்பதே. நொத்தாரிசு நண்பர்கள் சிலர் இங்கேயும் இருக்கிறீர்கள்; கண்ணிலே வீக்கத்தோடு வரும் பெண்ணிடம் உறுதியை நீட்டுமுன் கணவனை வெளியே அனுப்புங்கள்.

இரணைமடுவின் கீழும் ஏனைய குடியேற்றங்களிலும் நிலை வேறு. அங்கே 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரம் பெரும்பாலும் ஆண் பெயரில் இருக்கிறது. வாரிசு வரிசையிலே ஆணுக்கு முதலிடம் கொடுத்த அந்தச் சட்டம் 2022ஆம் ஆண்டிலேதான் திருத்தப்பட்டது. ஆகவே இந்தப் பெண்கள், “காணி என் பெயரில் இல்லை, எனக்கு எங்கே வீடு?” என்று எண்ணிப் பொறுத்திருக்கிறார்கள். பாதுகாப்புக் கட்டளைக்கும் காணியின் பெயருக்கும் சம்பந்தமில்லை. யார் பெயரில் காணி இருந்தாலும், சேர்ந்து வாழ்ந்த வீட்டிலிருந்து அடித்தவனை விலக்கி வைக்க நீதவானுக்கு அதிகாரம் உண்டு.

இதையெல்லாம் சொல்லும்போது, எந்தப் பெண்ணும் வீட்டை விட்டுப் போகவேண்டியதில்லை என்று நாம் சொல்வதாக எண்ணிவிடவேண்டாம். கட்டளைக் கடதாசி கத்தியைத் தடுக்காது. உயிருக்கு ஆபத்து என்றால் முதலில் உயிர். வீட்டைப் பிறகு மீட்கலாம். ஆனால் ஒன்றை மனத்திலே பதித்துக்கொள்ளுங்கள்: பிரிந்து போகும் வேளையும் பிரிந்த பின் வரும் முதற் கிழமைகளுமே மிக அபாயமானவை. அவன் கைப்பிடி தளர்வதை அவன் உணரும் நேரம் அது. ஆகையால், கோபத்திலே “நான் போகிறேன்” என்று முன்கூட்டிச் சொல்லாதீர்கள். அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், உறுதி, வங்கிப் புத்தகம், மருந்துத் துண்டு ஆகியவற்றையோ அவற்றின் பிரதிகளையோ நம்பிக்கையான ஒருவரிடம் முன்பே கொடுத்து வையுங்கள். உங்கள் தொலைபேசியை அவன் பார்ப்பான் என்றால் வேறொருவருடையதிலிருந்து பேசுங்கள். அயல்வீட்டாரோடு ஒரு குறிப்பு வைத்துக்கொள்ளலாம். வெளிவிளக்கு இரண்டு முறை அணைந்து எரிந்தால் பொலிசை அழைக்கவேண்டும் என்பது போல. அவன் வீட்டில் இல்லாத நேரம் பார்த்துப் பிள்ளைகளோடு புறப்படுங்கள். விட்டுவந்த உடைமைகளை எடுக்கப் பொலிஸ் துணையோடு செல்ல நீதிமன்றம் கட்டளையிடலாம். தனியே திரும்பிப் போகவேண்டாம். திரும்பிப் போய் மாண்டவர்கள் உண்டு.

எங்கே போவது? பொலிஸ் அவசர இலக்கம் 119. பெண்களுக்கான அரச உதவி இலக்கம் 1938. பிள்ளைகளுக்கு 1929. காயம் பட்டால் சிறியதென்று விடாமல் அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள். நடந்தது என்ன என்பதை வைத்தியரிடம் உள்ளபடி சொல்லுங்கள். கிணற்றுக்கட்டு என்று எழுதப்பட்ட மருத்துவக் குறிப்பை வைத்துக்கொண்டு நாம் நீதிமன்றத்தில் பட்ட பாடு எமக்குத்தான் தெரியும். பல அரசாங்க வைத்தியசாலைகளில் மிதுரு பியச என்ற பிரிவு உண்டு. தமிழிலே நட்பு நிலையம் என்பார்கள். இத்தகைய பெண்களின் குறையைத் தனியறையில் கேட்கவே அது அமைக்கப்பட்டிருக்கிறது. பிரதேச செயலகத்தில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரையும் நாடலாம். தங்க இடமில்லாதவரைப் பாதுகாப்பு இல்லத்தில் சேர்க்க வழியுண்டு. சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லாதவருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. கணவன் செலவுக்குத் தரமாட்டான் என்ற அச்சத்துக்கு 1999ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம் விடை சொல்கிறது. அதற்கும் நீதவான் நீதிமன்றமே போதும்.

ஒரு பொய்யை மட்டும் இங்கேயே உடைத்துவிட விரும்புகிறோம். “வீட்டை விட்டுப் போனால், புருசனைக் கைவிட்டவள் என்று வழக்கிலே நீ தோற்றுப்போவாய்” என்று படித்தவர்களே சொல்கிறார்கள். விவாகரத்துச் சட்டத்தில் கெட்ட எண்ணத்தோடு கைவிடுதல் என்ற காரணம் இருப்பது உண்மை. ஆனால் கொடுமை தாங்காமல் வெளியேறியவர் கைவிட்டவராகமாட்டார்; வெளியேறும்படி செய்தவரே கைவிட்டவர் என்பது எமது நீதிமன்றங்கள் நெடுங்காலமாக ஏற்றுவரும் கொள்கை. படலையைக் கடந்தவர் யார் என்பதை மட்டும் நீதிமன்றம் பார்ப்பதில்லை.

கை முறிந்த அப்பெண் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். இரண்டாம் முறை வந்தபோது நாம் கணவனை அழைக்கவில்லை. அவரைத் தனியே இருத்தி, அவர் பேசி முடிக்கும்வரை கேட்டோம். விண்ணப்பம் தாக்கல் செய்தோம், இடைக்காலக் கட்டளை கிடைத்தது, அவன் வெளியேறினான். ஒன்பதாம் நாள் குடித்துவிட்டுப் படலையை உதைத்தான். அயல்வீட்டுப் பெரியவர் ஒருவர், முன்பு வானொலியின் சத்தத்தைக் கூட்டியவர்தான், இம்முறை தொலைபேசியை எடுத்தார். பொலிசார் கட்டளையின் பிரதியைப் பார்த்து அவனைக் கொண்டுபோனார்கள். அதற்குப் பின்னர் எல்லாம் நலமே நடந்தது என்று சொன்னால் அது கதையாகிவிடும். அண்ணன்மார் இரண்டு ஆண்டு முகம் கொடுத்துப் பேசவில்லை. கட்டளையின் காலம் முடிந்ததும் மீண்டும் நீதிமன்றம் ஏறவேண்டியிருந்தது. கை முழுவதும் நிமிரவில்லை. ஆயினும் அவர் தன் வீட்டில் இருக்கிறார். அவருடைய பெயரையும் ஊரையும் நாம் சொல்லமாட்டோம். இத்தகைய வழக்கில் ஆளை அடையாளம் காட்டிப் பிரசுரிப்பதைச் சட்டமும் தடுக்கிறது. இந்தப் பத்திரிகை நண்பர்களும் அதை மனத்திற்கொள்ளவேண்டும்.

சகோதரர்மாருக்கு ஒரு சொல். தங்கச்சி அடிபட்டு வந்தால், என்ன குற்றம் செய்தாய் என்று கேட்கவேண்டாம். உடனே பொல்லை எடுத்துக்கொண்டு ஓடவும் வேண்டாம். உங்கள் பொல்லுக்கான பழியை அன்றிரவே அவள்மேல் தீர்ப்பான். சாப்பிடக் கொடுங்கள். படுக்க இடம் கொடுங்கள். என்ன செய்ய விரும்புகிறாய் என்று கேளுங்கள். அவள் திரும்பிப் போகிறேன் என்றாலும் கதவைச் சாத்திவிடாதீர்கள். பலர் பல முறை போய் வந்த பின்னரே முற்றாகப் பிரிகிறார்கள். மூன்றாம் முறை வரும்போது உங்கள் வீட்டு விளக்கு எரியவேண்டும்.

நேரமாகிவிட்டது, கடைசி பஸ்சுக்குப் போகவேண்டியவர்கள் இருக்கிறீர்கள். கூட்டம் முடிந்த பின் எமது பெண் சட்டத்தரணிகள் இருவர் பின்னாலுள்ள வாசிகசாலையில் இருப்பார்கள். அங்கே காணி அனுமதிப்பத்திரம், பிறப்புப் பதிவு முதலிய எல்லா விடயங்களுக்கும் ஆலோசனை வழங்கப்படும் என்று அறிவித்திருக்கிறோம். ஆகவே யார் உள்ளே போனாலும் எதற்குப் போனார் என்று எவருக்கும் தெரியாது. ஆண்கள் தயவுசெய்து முன்பக்கத்தாலேயே கலைந்து செல்லுங்கள்.